மேல்வீட்டுக்காரருக்கு ரசம்

எங்கள் மேல்வீட்டில் குடியிருந்தவர் அநேகமான சனிக்கிழமைகளில் இறந்துபோவார். ஞாயிறு காலையில் வாசலுக்கு வந்து பால்போத்தலை எடுத்துக்கொண்டு, எனக்கு வணக்கமும் சொல்லிவிட்டு மாடியேறுவார். ஐந்து வயதில் இதில் எனக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

அவர் கொரியர், நடிகர். சியோல் நகரத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களில் காதலனாக நடித்துப் பெயரெடுத்த பின், நடிப்பை முறையாகக் கற்கவென்று லண்டனுக்கு வந்து, நோர்பரியில் எங்களுக்கு மேலே இரண்டு அறைகளில் தங்கியிருந்தார். இங்கிலாந்துத் தொலைக்காட்சி அவரை யப்பானியச் சிப்பாயாக்கியது, சீன ஒற்றனாக்கியது, ஒருமுறை பெயரில்லாத தீவொன்றின் சமையற்காரனாக்கியது. கொரியராக நடிக்க மட்டும் எவரும் அழைக்கவில்லை. வசனமும் பெரும்பாலும் கிடையாது. கதாநாயகன் சுடுவான், இவர் விழுவார். மற்றவர்கள் மரக்கட்டை போல விழ, இவர் மட்டும் எதையோ திடீரென நினைவுகூர்ந்தவர் போல ஒருகணம் நின்று, அதன் பிறகே விழுவார்.

முதன்முறை அவர் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விழுந்தபோது நான் அழுத அழுகை அடுத்த தெருவுக்கும் கேட்டிருக்கும். கணக்கியல் படிக்க வந்து எங்களோடு தங்கியிருந்த மாமா, படிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஊக்கமுள்ளவர். என்னை மடியில் இருத்திக் காதுக்குள் சொன்னார்: “அழாதை மருமோன். உங்கட அம்மாவின்ர ரசம் ஒரு கோப்பை உள்ளுக்குப் போகட்டும், எந்தச் செத்தவனும் எழும்பிக் குந்துவான்.”

இந்தச் சதிக்கு அம்மா அறியாமலே உடந்தையானார். தனித்திருக்கும் மனிதர் என்ற இரக்கத்தில், சனிக்கிழமை மாலைகளில் ஒரு கிண்ணம் ரசத்தை மேலே அனுப்புவது அவருடைய வழக்கம். ரசம் போகும், சற்று நேரத்தில் எங்கள் தலைக்கு மேலே பலகைத் தளத்தில் காலடி கேட்கும். மாமா விரலை உயர்த்துவார். “கேட்டுதோ? எழும்பிட்டார்.” என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா வாயைப் பொத்திக்கொள்வாள். மகிழ்ச்சியினால் என்று எண்ணியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, தாதியாக இருந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மாலை ஷிப்ட். அப்பாவும் வேலையில். எங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய மாமா பாடப்புத்தகத்தை முகத்தில் கவிழ்த்தபடி உறங்கிவிட்டார். அன்று மேல்வீட்டுக்காரரை ஒருவனல்ல, ஒரு படையே சுட்டது. நான் தலைக்கு மேலிருந்த பலகைத் தளத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன். காலடி கேட்கவில்லை.

“அக்கா, அவர் எழும்பேல்லை.”

“மாமாவை எழுப்பிக் கேள்.”

“மாமாவும் எழும்புறாரில்லை. ரசம் வேணும்.”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். பிறகு என் முகத்தில் எதைக் கண்டாளோ, சிரிப்பை விழுங்கிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு ஏறி மிளகுப் பேணியை எடுத்தாள். புளியும் உப்பும் மஞ்சளும் அம்மாவிடம் பார்த்துப் பழகிய ஒழுங்கில் போயின. உள்ளிப்பூண்டு தோலோடு போனது. மழைக்குப் பிந்திய தெருவோரத்துத் தண்ணீரின் நிறத்தில் வந்த அந்தத் திரவத்தை அவள் ஏந்திவர, நான் முன்னே ஓடிக் கதவைத் தட்டினேன்.

திறந்தவர் கறுப்பு உடையில் இருந்தார். கண்கள் சிவந்திருந்தன. உள்ளே ஒரு தாழ்ந்த மேசை. அதன்மேல் வயதான பெண் ஒருவரின் படம். படத்தின் முன்னே சோறு, மீன், உச்சி சீவிய அப்பிள், புகையும் ஊதுபத்தி. இன்று தன் தாயாரின் நாள் என்றார். எங்கள் வீட்டில் அதுவரை எவரும் இறந்ததில்லை; ஆகவே அது எனக்குப் பிறந்தநாள் விருந்தாகவே பட்டது.

அவர் இறந்துவிட்டார் என்பதையும், இதைக் குடித்தால் எழும்பலாம் என்பதையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவருக்கே விளக்கினேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா நிலத்தைப் பார்த்தாள். கிண்ணத்தை இரு கைகளாலும் வாங்கி, முதலில் படத்தின் முன்னே வைத்து, நெற்றி தரையில் பட வணங்கினார். சற்றுப் பொறுத்து அதை எடுத்து, உள்ளித் தோல் உட்பட, ஒரே மூச்சில் குடித்தார். பிறகு நெஞ்சைப் பிடித்தார், எதையோ நினைவுகூர்ந்தவர் போல ஒருகணம் நின்றார், விழுந்தார். ஒரு கண் திறந்தது. மறு கண்ணும் திறந்தது. துள்ளி எழுந்து நின்றார். நான் கைதட்டினேன். அதைவிடச் சிறந்த நடிப்பை இன்றுவரை நான் கண்டதில்லை.

சில ஆண்டுகளில் அவர் சியோலுக்கே திரும்பிவிட்டார். வெகுகாலத்தின் பின், நான் கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டிருந்த ஒருநாள், நோர்பரியிலிருந்து அக்காவின் அழைப்பு வந்தது: “தம்பி, எங்கட மேல்வீட்டு அங்கிள் இப்ப ராசாவடா! தாடியும் ஆளும்!” கொரியத் தொடர்களில் அவர் அரசராகவும் பெருமுதலாளியாகவும் பாட்டனாராகவும் வந்தார். பக்கம் பக்கமாக வசனம் பேசினார். ஆயினும் ஒவ்வொரு தொடரிலும் இறந்தார். இறந்த அன்றே அக்கா போன் எடுப்பாள். “இண்டைக்கும் முடிஞ்சுதடா. ரசத்தை வை.”

சென்ற ஆண்டு அக்கா காலமானாள். அவர் இன்னமும் நடிக்கிறார். போன மாதம் ஒரு தொடரில் மறுபடியும் இறந்தார். தொலைபேசி ஒலிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாடிப்படியில் இறங்கும்போது நான் அக்காவிடம் ஒன்று கேட்டிருந்தேன்: அவர் எழும்பிவிட்டார், படத்திலிருந்த அம்மா ஏன் எழும்பவில்லை? அக்கா வெறுங்கிண்ணத்தைப் பார்த்தபடி படியிலேயே நின்றாள்.

“மிளகு காணாதடா, இன்னும் போட்டிருக்கோணும்,” என்றாள்.

நான் நம்பினேன்.

அவள் போய் ஓராண்டு நிறைந்த திவசத்தன்று ரசத்தை நான்தான் வைத்தேன். படத்துக்குப் படைத்த பின் அவளுடைய மகள் ஒரு வாய் குடித்துவிட்டு இருமினாள். “மாமா, பெப்பர் கூடிப்போச்சு.”

காணாதோ என்று நினைத்தேன் என்றேன்.