அத்திம்பேரின் ஷோகேஸ்

என் அக்கா ராஜலக்ஷ்மி முப்பது வருஷம் மாநில அரசு அலுவலகத்தில் கன்னட டைப்பிஸ்ட். தொம்மலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், மேலதிகாரிகளின் கிறுக்கலையெல்லாம் படித்து அடித்துக் கொடுத்தவள். அந்தக் கண்ணைத்தான் ஓய்வுபெற்ற சில வருஷங்களில் சர்க்கரை தின்றுவிட்டது. மிச்சமிருக்கும் கொஞ்சமும் எத்தனை நாளைக்கோ என்றார் டாக்டர். பெரிதாக இருந்து, கிட்டத்தில் போய் நின்றால்தான் அவளுக்குத் தெரியும்.

அந்த வீட்டில் அவளைவிட ஷோகேஸுக்கு மதிப்பு அதிகம். அத்திம்பேர் சேஷகிரி அரசு வேலையிலிருந்து ரிட்டயரானபோது கூடத்துச் சுவர் முழுக்கத் தேக்கில் செய்துகொண்டது. அவர் வாங்கிய ஷீல்டுகள், மைசூர் பேட்டா தலைப்பாகை கட்டிக்கொண்ட அவர் போட்டோ, நடுவில் பெரிய டிவி. டிவி அசையக்கூடாதென்று சுற்றிலும் மரச்சட்டம் வைத்து ஆணி அடித்திருந்தார். அக்காவும் அதே அரசாங்கத்துக்குத்தான் உழைத்தாள். அவள் வாங்கிய ஷீல்டு ஸ்டோர் ரூமில் கிடந்தது. ஷோகேஸைத் தினமும் துடைக்கும் வேலை மட்டும் அவளுக்கு. ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்டால், இருக்கட்டும் விடு என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2006இல் அவள் மகள் ஸ்னேஹாவுக்கு அமெரிக்காவில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் போக டாக்டர் விடவில்லை. என் ஆபீஸ் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் இன்டர்நெட்டில் ஸ்னேஹாவைப் பிடித்தேன். அவள் குழந்தையைக் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டினாள். படம் தீப்பெட்டி அளவுதான் வந்தது. அக்கா மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்துச் சிரித்தாள். கொஞ்சம் பேசினாள். பிறகு மகளுக்குக் கேட்காதபடி என் காதில் கேட்டாள்.

"கொழந்தை எந்தப் பக்கம்டி இருக்கு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரு வயர் வாங்கிக்கொண்டு போனேன். ஒரு முனையை லேப்டாப்பில் செருகி, மறுமுனையிலிருக்கும் மஞ்சள் பின்னை டிவியின் முதுகில் செருகினால் லேப்டாப்பில் வருவதெல்லாம் டிவியில் வரும். ஆனால் டிவியின் முதுகுக்குக் கை போனால்தானே? சட்டத்தைக் கழற்றாமல் அதை வெளியே இழுக்க முடியாது.

"பாலிஷ் போயிடும் கோமளம். தீபாவளி ஆகட்டும், ஆசாரியை வரச்சொல்லிப் பதமா எடுக்கலாம்" என்றார் அத்திம்பேர்.

அதுவரைக்கும் இவள் கண் காத்துக்கொண்டிருக்குமா என்று கேட்டேன். அவர் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். தங்கமான மனுஷர் என்று தெருவே சொல்லும். சொல்கிறவர்கள் அந்தக் கூடத்தில் அன்றைக்கு உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். காபி போடத்தான் போகிறாள் என்று நினைத்தேன். தோசைத் திருப்பியோடு வந்தாள். சட்டத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். துடைத்துத் துடைத்து எந்த ஆணி எங்கே இருக்கிறதென்று விரலுக்குப் பழக்கம். இடுக்கில் திருப்பியைக் கொடுத்து நெம்பினாள். பாலிஷ் பட்டையாக உரிந்தது. அத்திம்பேர் பதறிக்கொண்டு வந்து கையைப் பிடிக்கப் பார்த்தார். அவள் நகரவில்லை. சட்டம் பெயர்ந்து தரையில் விழுந்தது.

நானும் அவளுமாக டிவியை முன்னால் இழுத்து வயரைச் செருகினோம். திரை இரண்டு தரம் வெட்டிவிட்டு நின்றது. நான் ஸ்னேஹாவைக் கூப்பிட்டு, படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். கொஞ்சம் மங்கல்தான். ஆனால் குழந்தையின் முகம் மட்டுமே ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாக இருந்தது.

அக்கா திரையை ஒட்டிப் போய் நின்றுகொண்டாள். நெற்றி, மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்தாள். எங்கள் அம்மாவின் முகவாய் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் கூடவே வந்தது. இதற்கா தீபாவளி வரை பொறுக்கச் சொன்னார் இந்த மனுஷர்?

அவர் தன் சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தார். கழுத்தை இப்படியும் அப்படியும் நீட்டிப் பார்த்தார்.

"ராஜி, சித்தெ தள்ளிக்கோ. நீ மறைக்கறே, எனக்கு ஒண்ணுமே தெரியலை."

அக்கா திரும்பக்கூட இல்லை.

"உங்களுக்குத்தான் கண் இருக்கே. லேப்டாப்புல பாருங்கோ."