கண்ணக்கா உட்கார்ந்த நாற்காலி

கடையில் எல்லோருக்கும் அவள் கண்ணக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கம், சன்னல் இல்லாத இருட்டறையில் கண் பரிசோதிப்பதுதான் அவள் வேலை. வருகிறவர்கள் டாக்டரம்மா என்பார்கள். "நான் டாக்டர் இல்லீங்க" என்று திருத்தத் தொடங்கினால் அதற்குள் அடுத்த ஆள் கதவைத் திறந்துவிடுவார் என்பதால், திருத்துவதையே விட்டுவிட்டாள்.

அடுத்த ஆள் என்றால் ஒருவரா, படை! ஒருவர் கண்ணில் வெளிச்சம் காட்டும்போதே மேலாளர் கதவைத் தட்டுவார். நல்ல மனிதர்தான், கூட்டத்தைக் கண்டால் மட்டும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போல் பறப்பார். கண்ணக்காவின் சாப்பாட்டு டப்பா சாயங்காலம்தான் திறக்கும். கழிவறைக்குப் போக நேரமில்லை என்று தண்ணீர் குடிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டாள். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

மதியம் தாண்டினால் தலைவலி மண்டையைப் பிளக்கும். கண்ணில் கோளாறில்லை என்பது அவளுக்கு நிச்சயம். சுவரிலிருக்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தினமும் காலையில் கடகடவென்று படித்துவிடுவாளே! அப்படியானால் உடம்புக்குத்தான் இந்த வேலை ஒத்துவரவில்லை. ஆசைப்பட்டுப் படித்து வந்த வேலை. "விட்டுத் தொலை, பாத்துக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். மனசைக் கல்லாக்கிக்கொண்டு, மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

மாதம் முடியுமுன்பே அவள் இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள். கொஞ்சம் வாய்த்துடுக்கு. வந்ததும் வராததுமாக, பழுப்பேறிய பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினாள். கண்ணக்கா ஏறிட்டுப் பார்த்தாள். கடைசி வரிகளில் எழுத்துகள் எறும்பாய் ஊர்ந்தன.

"என்னக்கா, தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலம்மா."

இத்தனை வருஷமாக அவள் படிக்கவில்லை, ஒப்பித்திருக்கிறாள்! ஊரார் கண்ணையெல்லாம் பார்த்தவள் தன் கண்ணை மனப்பாடத்திலேயே ஓட்டியிருக்கிறாள். தலைவலி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்தது. சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

புதியவள் அவளைப் பிடித்துப் பரிசோதனை நாற்காலியில் உட்கார வைத்தாள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டாள்.

"இது தெளிவா, இதுவா?"

கதவு தட்டப்பட்டது.

"ரெண்டாவது" என்றாள் கண்ணக்கா சட்டென்று.

"நெசமாவா?"

"இல்ல... முதல்ல போட்டதுதான் நல்லா இருந்துச்சு. கதவத் தட்டவும் வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

சொன்னதும் சுருக்கென்றது. எத்தனை பேர் இதே நாற்காலியில் இப்படி வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார்கள்! கண்ணாடி சரியில்லை என்று திரும்பி வந்தவர்களையெல்லாம் வம்புக்காரர்கள் என்றல்லவா நினைத்தாள்! அவமானமாக இருந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"சார், இனிமே தட்டாதீங்க."

"நீங்கதான் போறேன்னுட்டீங்களே?"

"போகல. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பாக்குறோம். மாத்தி மாத்திச் சாப்பிடப் போறோம்."

"அப்ப கூட்டம்?"

"திரும்பி வந்து சண்டை போடுற கூட்டம் குறையும் சார்."

மேலாளர் தலையைச் சொறிந்தார். அந்தச் சண்டைகளில் வசவு வாங்கிக் கட்டிக்கொள்பவர் அவர்தான். "சரி, ஒரு வாரம் பாப்போம்" என்றார். அந்த ஒரு வாரம் இன்னும் முடிந்தபாடில்லை.

புதுக் கண்ணாடியோடு அவள் வேலைக்கு வந்த அன்று, முதலில் வந்தவர் ஒரு தையற்காரர். லென்ஸைப் போட்டதும் பதற்றத்தோடு நிமிர்ந்தார்.

"உடனே சொல்லணுங்களா?"

"மெதுவாச் சொல்லுங்க. நேரம் இருக்கு."

அவர் யோசிக்க ஆரம்பித்தார். கண்ணக்கா காத்திருந்தாள்.