வடிகட்டிக்குள் ஓர் அட்டை

பாகீரதி என்ற பெயரை அகிலாண்டம் முதலில் கேட்டது கல்பாத்தியில், சித்தி தன் மூத்த பெண்ணைத் தொட்டிலில் போட்ட அன்று. அந்தப் பெண் பி.ஏ. கணக்கு முடித்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு பம்பாய் மாட்டுங்காவில் அகிலாண்டத்தின் வீட்டில் வந்து இறங்கியது அறுபத்தாறில். அதே வீட்டில் இருந்த அகிலாண்டத்தின் கணவரின் தம்பி சந்திரமௌலிக்கு ஒரு கப்பல் கம்பெனியில் கம்ப்யூட்டர் மெஷின் போடவேண்டிய கணக்கை, அதாவது புரோகிராமை, எழுதும் வேலை. ஒரே கணக்கில் பல பேர் எழுதிய பகுதிகள் இருக்கும், ஒன்று இன்னொன்றைக் கூப்பிட்டு வேலை வாங்கும். அவன்தான் பாகீரதியையும் அங்கே சேர்த்துவிட்டான். ஒரு வருஷம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. அவள் சம்பளத்தை நம்பி ஊரில் இரண்டு தங்கைகள் இருந்தார்கள்.

கணக்கு பாதியில் முறிந்தால், தான் வந்த வழியை மெஷின் முழம் முழமாக அச்சடித்துத் தள்ளும். எந்தப் பகுதி எந்தப் பகுதியைக் கூப்பிட்டது என்று வரிவரியாக இருக்கும்; கடைசி வரியில் நிற்பதுதான் முறிந்த இடம். முக்கால்வாசி மெஷினோடு கூடவே வந்த பகுதிகளின் பெயர்கள். அவற்றில் தப்பு இருக்காது. பாகீரதி அந்தப் பெயர்களைத் துளை அட்டைகளில் அடித்து ஒரு கட்டாக்கினாள். அந்தக் கட்டையும் சேர்த்துப் போட்டால், அதிலுள்ள பெயர்களை மெஷின் அச்சடிக்காமல் விட்டுவிடும்.

"காப்பி வடிகட்டற மாதிரியா?" என்றாள் அகிலாண்டம்.

"அதேதான் அக்கா. சக்கை மேலேயே தங்கிடும்."

தோசை தின்றுகொண்டிருந்த மௌலி கையை நீட்டினான். "ஒரு நாள் குடு பாகீ, நானும் பாக்கறேன்."

"பேஷா எடுத்துக்கோங்கோ அண்ணா. கலைச்சுடாதீங்கோ."

அதற்குப் பிறகு சரக்குக் கட்டணக் கணக்கு அடிக்கடி முறிந்தது. முறிந்த இடமாகக் காகிதத்தில் நின்றதெல்லாம் பாகீரதி எழுதிய பகுதியின் பெயர். சோறு தண்ணீர் இல்லாமல் எழுதியதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். "கண் அசதியா இருக்கும். நன்னாப் பாரு," என்று மௌலி தேற்றினான். வருஷம் முடிந்ததும் மேனேஜர் அவளை வேண்டாம் என்றார்.

கிளம்புகிற அன்று, அந்த அட்டைக் கட்டைப் போடாமல் ஒரு தரம் முழுசாக அச்சடிக்கவிட்டாள். அவள் பகுதியின் பெயருக்கு அடுத்து, கடைசி வரியில், மௌலி எழுதிய பகுதி நின்றது. முறிந்தது அங்கேதான். வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தாள். நடுவே அவள் அடிக்காத ஓர் அட்டை, மௌலியின் பகுதியுடைய பெயரோடு. அதை அவன் தட்டருகே வைத்தாள்.

"நீங்க போட்டதா அண்ணா?"

மௌலி ரசஞ்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "சத்தமில்லாம சரிபண்ணிடலாம்னு நெனச்சேன், முடியல. நேக்குப் பிரமோஷன் சமயம். நோக்கென்ன, கல்யாணம் பண்ணிண்டு போகப்போறவ."

"நன்னாப் பாருன்னேளே. தெரிஞ்சுண்டேவா சொன்னேள்?"

"மோர் இருக்கா மன்னி?" என்றான் மௌலி.

அகிலாண்டம் மோர்ப் பாத்திரத்தை மூடினாள்.

மறுநாள் பாகீரதி அட்டையோடு மேனேஜரிடம் போனாள். "கட்டு நீ செஞ்சதுதானே?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். அந்தச் சம்பளத்தில் தங்கைகளைக் கரையேற்றினாள். மௌலி தன் பெண்ணின் கல்யாணத்துக்கு அழைக்க வந்தபோது பத்திரிகையை வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். உட்காரச் சொல்லவில்லை, கல்யாணத்துக்கும் போகவில்லை. இப்போது நவி மும்பை ஐரோலியில் கடைசித் தங்கையின் வீட்டில் இருக்கிறாள்.