நக்குரு வழியில் ஒரு மண்பாதை

கனடாவில் எங்கள் மொன்ட்ரியால்-நோர் வீட்டிலிருந்து புறப்படுவதற்கு முதல்நாள், கென்யா பற்றிய அரசாங்கப் பயண எச்சரிக்கையை மனைவி சுதா சத்தமாக வாசித்தாள். இருட்டிய பின் வெளியே திரியாதீர்கள். ஆர்ப்பாட்டங்களைத் தவிருங்கள். முன்பின் தெரியாதவர்களை நம்பாதீர்கள். அவளோடு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், வேலைசெய்யும் கிரேஸின் தம்பிக்கு நக்குருவில் கலியாணம்; அதற்குத்தான் போகிறோம்.

"கவனமாப் போட்டு வருவம்," என்றேன்.

நைரோபியில் இரண்டாம் நாள். காலை எட்டு மணிக்கு விடுதிக்காரர் ஒழுங்குசெய்த கார் வந்தது. நக்குரு ஏறக்குறைய நூற்றறுபது கிலோமீற்றர். சாரதி டானியலுக்கு ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். லிமுருவில் தேயிலைத் தோட்டங்களின்மேல் பனி இன்னும் கலையவில்லை.

ஒன்பதரைக்கு அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. சுவாஹிலியில், தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். உடனே நெடுஞ்சாலையை விட்டு ஒரு மண்பாதையில் திருப்பினார். இருபுறமும் ஆளுயரச் சோளம். கைபேசியில் சிக்னல் இல்லை.

"இஞ்சாருங்கோ, எங்க கொண்டுபோறார்?" சுதா என் கையை இறுக்கினாள்.

கேட்டேன். "முன்னால் சந்தியில் பிரச்சினை. இது சுற்றுப்பாதை," என்றார் ஆங்கிலத்தில்.

நான் நம்பவில்லை. "நெடுஞ்சாலைக்குத் திருப்புங்கள். இல்லாவிட்டால் இறங்குகிறோம்!" என்று கத்தினேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு திருப்பினார்.

இருபது நிமிடத்தில் அந்தச் சந்தி வந்தது. டயர்கள் எரிந்தன. கண்ணீர்ப்புகைக்குள்ளிருந்து இளைஞர்கள் எங்கள் பக்கமாக ஓடிவந்தார்கள். எங்கிருந்தோ வந்த கல் சாரதிப் பக்கக் கண்ணாடியை உடைத்தது. முழங்கையிலிருந்து இரத்தம் வழிய, டானியல் ஒரே மூச்சில் காரைப் பின்னால் எடுத்துத் திருப்பி, வந்த வழியே போய் அதே மண்பாதையில் விட்டார்.

சோளக்காட்டுக்குள் நிறுத்தியதும் சுதா தன் சால்வையால் அவர் கையைக் கட்டினாள். மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்கள் பயந்துவிட்டீர்கள்," என்றார். "நானும்தான்."

நக்குரு மருத்துவமனையில் ஏழு தையல். கலியாண வீட்டிலும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எச்சரிக்கையில் இருந்த எதுவும் பொய்யில்லை. ஆனால் ஆர்ப்பாட்டம் எங்கே என்று தெரிந்திருந்த ஒரே மனிதரைத்தான் நான் ஆபத்து என்று நினைத்தேன்.

அதிலிருந்து மூன்றாம் நாள் எங்களைத் திரும்பக் கூட்டிச்செல்ல, கட்டுப்போட்ட கையோடு அவரே வந்தார். "இப்போது இடதுபக்கம் திரும்புகிறேன், பெற்றோல் அடிக்க." "இங்கே வேகத்தைக் குறைக்கிறேன், பள்ளிக்கூடம் இருக்கிறது." நைரோபி வரை ஒவ்வொரு திருப்பத்துக்கும் காரணம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

சுதா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மனுசனை இப்பிடி ஆக்கிப்போட்டமே," என்றாள்.