உப்புப் பார்ப்பது சாப்பாட்டில் சேருமா?

கரண்டி நுனியில் எடுத்த குழம்பை இடது உள்ளங்கையில் விட்டு, ஓர் ஊது ஊதி, நக்கிப் பார்க்கிறார். கண்ணை இடுக்குகிறார். "இன்னும் ஒரு கை உப்பு போடு" என்கிறார். போட்டுக் கிளறியதும் மறுபடி கரண்டி, மறுபடி உள்ளங்கை. திருப்தியானால் அடுத்த அண்டாவுக்கு நகர்வார். எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் நானூறு பேருக்கு மூன்று வேளையும் சமைக்கும் தலைமைச் சமையல்காரர் அவர். மேலாளர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் உப்பக்கா.

சாப்பிட்டு முடித்துவிட்டு "நல்லா இருந்துச்சுக்கா" என்று சொல்லிவிட்டு நழுவ முடியாது. "வாயால சொல்லாதே, தட்டைக் காட்டு" என்பார். தட்டில் காய் மிஞ்சியிருந்தால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். நான் தரச் சோதனைப் பிரிவில் இருப்பவன். எதையும் அளந்து பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்ட நானே ஏழு வருடம் அவர் கையால் சாப்பிட்டும் அந்த உள்ளங்கையைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

சென்ற வருடம் அவருடைய தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. எலக்ட்ரீஷியனாக இருந்தவர் ஏணியில் ஏற முடியாமல் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. "என்னோடதை எடுத்துக்குங்க" என்று அக்கா போய் நின்றார். ரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாம் பொருந்தியது. எடைதான் இடித்தது. தொண்ணூற்று நாலு கிலோ. பன்னிரண்டு கிலோ குறைந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அக்கா மறுநாளே சாப்பாட்டை நிறுத்திவிட்டார். குறைக்கவில்லை, அடியோடு நிறுத்திவிட்டார். மூன்று வேளையும் தட்டு எடுப்பதில்லை, பால் சேர்க்காத காபி மட்டும். விஷயம் தெரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இது என்னக்கா பைத்தியக்காரத்தனம்?" என்று கேட்டால், "அவன் தண்ணிக்கே ஏங்கிக்கிட்டு இருக்கான். எனக்குச் சோறு ஒரு கேடா?" என்று வாயை அடைத்துவிடுவார். தம்பி கெஞ்சிப் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். நடக்கவில்லை.

ஆறாவது வாரம், கொதித்துக்கொண்டிருந்த பருப்பு அண்டாவின் மேல் அப்படியே சாயப் போனார். காய் நறுக்குகிற அம்மாள் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தார். இத்தனைக்கும் குறைந்திருந்தது இரண்டே கிலோ.

மருத்துவமனையின் உணவு ஆலோசகரிடம் நான்தான் அழைத்துப் போனேன். ஒல்லியான இளம்பெண். "பச்சைத் தண்ணி பல்லுல படலைம்மா. எடை மட்டும் இறங்க மாட்டேங்குது" என்று அக்கா சத்தியம் செய்தார். அந்தப் பெண் என்ன வேலை என்று கேட்டுவிட்டு, "சமைக்கும்போது உப்பு பாப்பீங்களா?" என்றாள்.

"பாக்காம எப்படி இறக்குறது? அது சாப்பாட்டுல சேருமா? அது வேலைம்மா!"

"ஒரே ஒரு நாள், வாய்க்குப் போற அளவு ஒவ்வொரு தடவையும் ஒரு பாத்திரத்துலயும் ஊத்திட்டு வாங்க."

எங்கள் சோதனைக் கூடத்திலிருந்து அளவு ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். காலைக் குழம்பு, மதியப் பருப்பு, கோழிக்கறி, தாளிதத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று, உப்பு போட்டு ஒன்று, சந்தேகத்துக்கு ஒன்று. மாலையில் ஜாடியைத் தூக்கி, அளவுக் கோட்டை இரண்டு முறை படித்தேன். ஒரு லிட்டர் அறுநூறு மில்லி. மேலே ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய். இரவுச் சமையல் இன்னும் பாக்கி.

அக்கா மாவு டின்மேல் உட்கார்ந்துவிட்டார். "இவ்வளவையுமா நான் குடிச்சிருக்கேன்? பட்டினி கிடக்கேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு?" என்று கேட்டார். "அங்கே தம்பி நாளை எண்ணிக்கிட்டுக் கிடக்கான்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த அதிர்ச்சி அவருக்கு ஆலோசகர் அறையில் காத்திருந்தது. காலையில் முட்டை, மதியம் பருப்பும் காயும் நிறைய, சோறு கொஞ்சம், நேரத்துக்குத் தூக்கம். "எடை குறையணும்னு வந்தா சாப்பிடச் சொல்லுதே இந்தப் பொண்ணு! படிச்சுதான் வந்துச்சா?" என்று என்னிடம் கிசுகிசுத்தார். அது அந்தப் பெண் காதில் விழுந்துவிட்டது. "சோறே போடலைன்னா உடம்பு அடுப்பை சிம்ல வெச்சுக்கும்மா. தசையும் கரைஞ்சு போகும். தசைதான் உக்காந்திருந்தாலும் எரிக்கும். அதைக் காப்பாத்துங்க" என்றாள். அடுப்பு என்றதும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

உப்புப் பார்க்கும் பொறுப்பு காய் நறுக்குகிற அம்மாளுக்குப் போனது. முதல் நாள் குழம்பில் உப்பு இரட்டிப்பு. நானூறு பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினோம். அக்கா அவமானத்தில் குன்றிப்போனார், ஆனாலும் கரண்டியைத் தொடவில்லை. "கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லு. நாக்கு நுனியில தெரியுதா, ஓரத்துல தெரியுதா?" என்று போலீஸ்காரர் மாதிரி விசாரித்து விசாரித்தே அந்த அம்மாளைப் பழக்கிவிட்டார்.

மதியம் வரிசையில் நிற்கும்போது பரிமாறும் ஜன்னல் வழியே வேறொரு காட்சியும் கிடைத்தது. கைக்கு ஒன்றாக ஐந்து லிட்டர் எண்ணெய் டின் பிடித்துக்கொண்டு அக்கா உட்கார்ந்து எழுந்துகொண்டிருப்பார். வெள்ளைத் தொப்பி மறையும், தோன்றும், மறையும். "என்னடா வேடிக்கை? உங்க அக்காதான் எழுந்திருக்கிறா" என்று மூச்சிரைக்கச் சத்தம் போடுவார். முதலில் சிரித்த வரிசை பிறகு எண்ண ஆரம்பித்தது. மாடிப்படி, சாயங்கால நடை எல்லாம் சேர்ந்தன. எடை மாதம் ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்க மறுத்தது. "மெதுவாதான் இறங்கும், அதுதான் நிக்கும்" என்றாள் ஆலோசகர். தம்பியின் முகம் வாரத்துக்கு வாரம் வெளிறிக்கொண்டே வந்தது. மெதுவாக என்ற சொல்லைக் கேட்டாலே அக்காவுக்கு ஆத்திரம் பொங்கியது.

போன செவ்வாய்க்கிழமையோடு ஆலோசகர் சொன்னபடி சாப்பிட ஆரம்பித்து ஏழு மாதம் முடிந்தது. அக்கா, தம்பி, நான் மூவரும் என் காரில் டாக்டரிடம் போனோம். தம்பி சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு எடைக் கருவியில் ஏறினார், எண்ணைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எண்பத்தொண்ணு எழுநூறு" என்றார் டாக்டர். அவர் கேட்ட எடைக்கும் முந்நூறு கிராம் கீழே.

தம்பி அழுதுவிட்டார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது எடைக் கருவியில் அக்காவைக் காணோம். செருப்புகூடப் போடாமல் பரிசோதனைக் கட்டிலில் ஏறி, வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். சட்டையை விலாவரை தூக்கிவிட்டு, எடுக்க வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் திகைத்துப்போய், "இன்னைக்கு இல்லைம்மா, இன்னும் சில டெஸ்ட் இருக்கு, எழுந்திருங்க" என்றார்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. விரலையும் எடுக்கவில்லை.