தையலுக்கு விட்டு வெட்டிய படகு

பேன்ட் தைக்கிறவருக்குப் படகு எதற்கு என்று தெருவே கேட்டது. டெய்லர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. மருந்துக்கடை வேலை முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து அவரைக் கிண்டலடிக்கும் அவர் மனைவிதான் பதில்.

டெய்லருக்குப் பாய்மரப் படகு என்றால் உயிர். ஞாயிறு வந்தால் ஏரியில் வாடகைப் படகு எடுத்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கட்டப் போய்விடுவார். கல்யாணமான புதிதில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு போனார். நடு ஏரியில் காற்று ஓங்கி அடிக்க, படகு ஒருக்களித்தது. சாய்வதுதான் இதன் சுபாவம் என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கரைக்கு வந்தும் கையை எடுக்கவில்லை. அன்று முதல் ஞாயிறு என்றால் அவர் தண்ணீரில், மனைவி கரையில். அவரும் எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்தார். சாயாத படகு ஒன்று கட்டுங்கள், ஏறுகிறேன் என்று ஒரு நாள் பேச்சோடு பேச்சாக அந்த அம்மாள் சொல்லிவைத்தார். டெய்லர் அதை அப்படியே அளவெடுத்துக்கொண்டார்.

சாயாத படகு என்றால் இரட்டைப் படகுதான். ஒல்லியாக இரண்டு ஓடங்கள், அவற்றை இணைக்கக் குறுக்குக்கட்டைகள், மேலே உட்காரப் பலகை. வரைபடத்தை வாங்கிப் பார்த்தவருக்கு ஒரே குஷி. பிளைவுட்டை வெட்டி, ஓரங்களில் துளை போட்டு, செம்புக்கம்பியால் ஒன்றோடொன்று தைத்து, தையல் மேல் பசை பூச வேண்டுமாம். தைப்பது என்று எழுதியிருக்கிறதே, அப்புறம் என்ன? வேறு யாரையும் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஹாலில் ஒரு ஓடத்துக்குத்தான் இடம் இருந்தது. சோபா படுக்கையறைக்குப் போனது, சாப்பாட்டு மேஜை சமையலறைக்குப் போனது, மனைவி கையில் காபியோடு ஓடத்தைத் தாண்டித் தாண்டி நடக்கப் பழகினார். தலைமுடியெல்லாம் மரத்தூள். லாரி ஓட்டும் மச்சான் வந்து பார்த்துவிட்டு, இனி வெள்ளம் வந்தால் அக்காவுக்குக் கவலையில்லை என்றார். முதல் ஓடம் முடிந்ததும் ஜன்னல் கம்பியைக் கழற்றி வெளியே எடுத்து, வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பிறகு அதே ஹாலில் இரண்டாவது. படகின் பாயைக் கடை மெஷினிலேயே தைத்தார். அந்த நாட்களில் பேன்ட் கொடுத்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

இரண்டையும் இணைக்கிற நாள் வந்தது. தார்ப்பாயை விலக்கி, புது ஓடத்தைப் பக்கத்தில் வைத்தார்கள். மச்சான் இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார்.

"மாமா, இதுல ஒண்ணு சாப்பிட்டுட்டு வந்திருக்கு."

டெய்லர் கழுத்திலிருந்த நாடாவை உருவி அளந்தார். முதல் ஓடத்தின் வயிறு அரைச் சாண் பெருத்திருந்தது. உடனே புரிந்துவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, முதல் ஓடத்தின் பலகைகளை அவர் தையலுக்கு விட்டு வெட்டியிருக்கிறார். கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் தள்ளி வெட்டுவது அந்தக் கைக்குச் சுவாசம் மாதிரி. கஸ்டமர் உடம்பு போட்டால் பிரித்து விடலாம். படகு எங்கே உடம்பு போடப்போகிறது? இரண்டாவதை வெட்டும்போது கை மரத்துக்குப் பழகிவிட்டிருந்தது, கோட்டோடு நின்றது. பசை இறுகிய பிறகு பிரிக்கவும் வழியில்லை.

இரண்டுக்கும் ஒரே பெயின்டை அடித்துவிடலாம், அக்காவுக்கு எங்கே தெரியப்போகிறது என்றார் மச்சான். பெயின்ட் அடித்தார்கள். ஆனாலும் டெய்லருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவள் ஏறாவிட்டால் இது படகே இல்லை, பெரிய விறகு.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் இறக்கினார்கள். தண்ணீர் பொய் சொல்லுமா? பெருத்த ஓடம் நிமிர்ந்து மிதந்தது, ஒல்லி ஓடம் அமிழ்ந்தது. அவர் ஏறி நடுவில் உட்கார்ந்தும் சாய்வு போகவில்லை. மனைவி கரையில் கைகட்டி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

டெய்லர் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னார். கடைசியில், "சாயுது. நீ ஏற வேண்டாம்மா," என்றார்.

அந்த அம்மாளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. படகுக்கு யாராவது தையலுக்கு விடுவார்களா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாய்ந்திருந்த படகை ஒரு முறை பார்த்தார், அதில் தொங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தவரை ஒரு முறை பார்த்தார். செருப்பைக் கழற்றித் தம்பி கையில் கொடுத்தார்.

பயம் இருந்தது. தம்பியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். இருந்தும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, குறுக்குக்கட்டையைப் பற்றி ஏறி, நேராகப் பெருத்த ஓடத்தின் பக்கம் போய்ச் சம்மணம் போட்டு அமர்ந்தார். அவரும் ஒல்லி இல்லை. படகு முனகியது, அசைந்தது, பிறகு தராசு முள் நிற்கிற மாதிரி மட்டமாக நின்றது.

"நேரா நிக்குதா?"

"நிக்குதும்மா."

"அப்ப இனிமே என்னை விட்டுட்டு நீங்க போக முடியாது."

டெய்லருக்கு வந்த சந்தோஷத்தில் பாய்க்கயிற்றை இழுக்கவே மறந்துபோனது.