கிண்ணியாத் துறை அபூதாஹிரின் மூத்த மகள்

கிண்ணியாத் துறையில் ஆட்களையும் மாட்டுவண்டிகளையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்கு ஊரில் பாதை என்று பேர். இரு கரைக்கும் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்து அதை இழுக்கிறவர்களில் மூத்தவர் அபூதாஹிர். அவர் கை வைத்தால் பாதை நகரும், கை எடுத்தால் நிற்கும். கையெழுத்து மட்டும் வராது. பட்டணத்து அரசாங்கக் கந்தோர்களில் பெருவிரலை நீட்டி நீட்டி வெட்கப்பட்ட மனிசன், தன் இரண்டு பெண்மக்களும் டீச்சராக வேண்டும் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளிலேயே ஆசைப்பட்டார்.

ஆசைப்பட்டால் ஊர் விடுமா? மூத்தவள் ஸல்ஹா பெரியபிள்ளையானதும், வீட்டோடு இருத்தச் சொல்லி ஆளாளுக்கு வந்து புத்தி சொன்னார்கள். அபூதாஹிர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முக்காடிட்ட மகளைத் தன் பாதையிலேயே ஏற்றி, அக்கரையில் பட்டணத்து பஸ்ஸில் இருத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ஆனால் மனைவியின் தம்பி அலியார், தன் மகனுக்கு ஸல்ஹாவைக் கேட்டு ஒற்றைக்காலில் நின்றபோது அவரால் தட்ட முடியவில்லை.

"எஸ்.எஸ்.ஸி சோதனை எழுதட்டும் மச்சான். பாஸ் பண்ணினா டீச்சர். இல்லாட்டி உங்கட மருமகள். இது என்ட வாக்கு" என்றார். மகள் பாஸ் பண்ணுவாள் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

சோதனையின் முதல் நாள் காலை. ஸல்ஹாவை ஏற்றிக்கொண்டு பாதை பாதித் தூரம் போயிருந்தது. கிண்ணியாக் கரையில் கூக்குரல் கேட்டது. பிள்ளைப்பேற்று வலியில் துடிக்கும் ஒருத்தியை மாட்டுவண்டியில் கொண்டுவந்திருந்தார்கள். இறந்தவர் மையித்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும், எவ்வளவு தூரம் போன பாதையும் திரும்ப வேண்டும் என்பது அந்தத் துறையின் வழக்கம்.

"வாப்பா, திருப்பாதீங்க! பஸ் போயிடும்! கரையில தோணி நிக்குது, அதில ஏத்தச் சொல்லுங்க!" என்று ஸல்ஹா கத்தினாள்.

தோணி நின்றது உண்மைதான். முன்பு இரண்டொரு முறை அபூதாஹிரே இப்படித் தோணிக்குக் கைகாட்டியதும் உண்டு. ஆனால் இன்று பாதையில் நின்ற அத்தனை பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். தன் மகளுக்காக வழக்கத்தை மீறினான் என்று நாளைக்கு ஒரு கதை வருமே. அவர் மகளைத் திரும்பிப் பார்க்காமல் கம்பியை மறுபக்கம் இழுத்தார்.

மாடு மிரண்டு, வண்டியோடு பாதையில் ஏற மறுத்தது. அதை ஏற்றி அக்கரை சேர்வதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் மகளோடு அபூதாஹிரும் போய்ச் சேர்ந்தபோது மண்டபக் கதவைச் சாத்தியிருந்தார்கள். காவலாளியின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். ஒன்றும் நடக்கவில்லை.

அந்தத் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். சொந்த மகளைக்கூடப் பாராத நேர்மையான மனிசன் என்று ஊரே அபூதாஹிரை மெச்சியது. மெச்சிய வாய்களில் ஒன்றாவது அலியாரிடம் போய், பிள்ளைக்கு இன்னும் ஒரு வருடம் கொடு என்று கேட்டதா? இல்லை. அபூதாஹிரும் கேட்கவில்லை. கொடுத்த வாக்கு அவர் வாயைக் கட்டிப்போட்டது. நோன்புப் பெருநாள் கழிந்ததும் கலியாணம் நடந்தது. ஸல்ஹா ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் அவரைத் தின்றது.

இளையவள் ரபீக்காவின் முறை வந்தபோது, முதல் நாளே அவளைப் பட்டணத்துச் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். அவள் பாஸ் பண்ணினாள். தோப்பூரில் டீச்சர் வேலையும் கிடைத்தது. வேலைக்குப் போகும் முதல் நாள் அவளுக்குச் சேலை உடுத்திவிட்டது ஸல்ஹாதான். தங்கச்சியை வழியனுப்பிவிட்டு, இடுப்பில் பிள்ளையோடு வாப்பாவிடம் வந்தாள்.

"வாப்பா, ஒண்டு கேக்கட்டா? அண்டைக்கு நான் வேற ஆருடையும் மகளா இருந்திருந்தா, அந்தப் பொம்பிளையைத் தோணியில ஏத்தச் சொல்லியிருப்பீங்கதானே?"

அபூதாஹிருக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஓம் மகள்" என்றார்.